பொம்மைப் புத்தகமும் பெரிய மனிதர்களும்

சென்ற மாசி மாதத்தில் வில்லியனூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் கூப்பிடும்வரை பொழுது போகவேண்டுமே என்று, அன்று காலையில்தான் கூரியரில் வந்த பார்சலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவை அந்த மாதத்துச் சித்திரக் கதைப் புத்தகங்கள். பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் தகப்பனாரின் சிநேகிதர். என்னை அரைக்கால் சட்டைப் பருவத்திலிருந்து அறிந்தவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னாப்பா, பேரன் எடுக்கிற வயசுல பொம்மப் புத்தகமா? நாவல் எழுதற ஆளுன்னு நாலு பேர்கிட்ட உன்னப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கேனே!"

"ரெண்டும் நான்தாங்கய்யா" என்றேன்.

அவர் சிரித்தார். முன்வரிசையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புத்தகத்தை மெள்ள மூடி, அட்டை தெரியாதபடி கவிழ்த்தும் வைத்தேன். அந்தக் கடைசிக் காரியத்துக்காகத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். ஐம்பது வருஷ காலமாக மாதம் தவறாமல் நான் காத்திருந்து படித்து வந்த ஒன்றை, ஒரு பெரியவரின் ஒரு சிரிப்புக்குப் பயந்து கவிழ்த்து வைத்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் பத்திரிகை படிக்கிறவர், இதையும் படிப்பார், படிக்கட்டும்.

முதலில் நான் எப்படிப் பட்ட ரசிகன் என்பதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்தரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. விலை 90 காசு. பாகூரில் அது கிடைக்காது. நெல் வியாபாரமாகக் கடலூருக்குப் போய்வரும் என் சித்தப்பா, பஸ் நிலையத்துக் கடையில் வாங்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வருவார். வீட்டில் என் அப்பாவுக்குத் தெரியாமல் மாட்டுக் கொட்டகையில் வைத்து என்னிடம் கொடுப்பார். முதலில் அவர் படித்து முடித்திருப்பார் என்பது புத்தகத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருப்பதிலிருந்து தெரியும்.

மாயாவியை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை. இன்னொரு விபத்தில் உடம்பில் உயர் மின்சாரம் பாய்கிறது. மனிதன் மறைந்துபோகிறான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி மின்சாரத்தைத் தொடவேண்டும். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் அன்று மின்சாரம் வந்துபோன லட்சணத்துக்கு, மாயாவி இங்கே பிறந்திருந்தால் துப்பறியும் தொழிலை விட்டுவிட்டு ஏர் ஓட்டத்தான் போயிருப்பான் என்று சித்தப்பா சொல்வார்.

இந்தக் கதையை எழுதியவர் கென் புல்மர் என்ற ஆங்கிலேயர். படம் வரைந்தவர் ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்துக்காரர். 1962-ல் 'வேலியண்ட்' என்ற லண்டன் வாரப் பத்திரிகையில் வந்தது. இந்தப் பெயர்கள் எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் இருட்டும் அந்தப் படங்களில் விழுந்த விதம்; ஆளில்லாத அறையில் ஒரு கை மட்டும் கதவைத் திறப்பதைக் கண்டபோது முதுகில் ஓடிய சில்லிப்பு. நாவல் எழுதத் தொடங்கிய பிறகு, ஒரு காட்சியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் நான் உதவிக்கு அழைத்தது பெரிய மேல்நாட்டு மேதைகளை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். பொய். பாதிக்கு மேல் அந்த ஸ்பானியரைத்தான் அழைத்தேன்.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். அதில் மிகப் பலமானதை முதலில் நானே எடுத்து வைத்துவிடுகிறேன். என்னை விட அதை நன்றாக எடுத்து வைக்க யாராலும் முடியாது.

1976 கோடை விடுமுறை. என் மாமன் மகன், என்னை விட ஒரு வயது இளையவன், சிகரெட்டுப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தகட்டுத் தாளைச் சேர்த்துச் சேர்த்துக் கையில் சுற்றிக்கொண்டான். எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு அந்தக் கையை உள்ளே வைத்தான். மாயமாக மறையவில்லை. வரப்பைத் தாண்டிப் போய் விழுந்தான். உயிர் பிழைத்தது பாகூர் மூலநாதர் புண்ணியம் என்று என் அத்தை இன்றைக்கும் சொல்கிறாள். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. அன்று சாயங்காலம் என் அப்பா மாட்டுக் கொட்டகைப் பரணிலிருந்து என் 23 புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போனார். என்னை அடிக்கவில்லை; திட்டவில்லை. வைக்கோலோடு போட்டுக் கொளுத்தினார். "இது படிப்பு இல்லடா, வெஷம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வெந்த உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். எனவே 'சித்திரக் கதை குழந்தைகளைக் கெடுக்கும்' என்று யாராவது சொல்லும்போது, மேதாவித்தனமாகப் புன்னகை செய்ய என்னால் முடியாது. புத்தகத்துக்கு அதில் பங்கு உண்டு. ஒன்றுக்கும் உதவாத பொருள் யாரையும் கெடுக்கவும் செய்யாது. ஒரு பையனை மோட்டார் கொட்டகை வரை நடத்திக்கொண்டு போகிற சக்தி அந்த 90 காசுத் தாளில் இருந்தது என்றால், அதை 'பொம்மை' என்று சிரிப்பவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? விஷம் என்று சொன்ன என் அப்பாவாவது அதை மதித்தார். கல்யாண வீட்டுச் சிரிப்பில் அந்த மதிப்புக்கூட இல்லை. இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

(அந்த மாமன் மகன் இப்போது மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை வைத்து நான் எந்த நீதியும் சொல்லப் போவதில்லை. கதாசிரியன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பீர்கள்.)

என் அப்பா தனியாக இல்லை என்பது வெகு நாள் கழித்துத் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப்போன அதே 1954-ல், அமெரிக்காவில் ஃபிரெடரிக் வெர்த்தாம் என்ற மனநோய் மருத்துவர் காமிக்ஸுக்கு எதிராக ஒரு புத்தகம் வெளியிட்டார். சிறுவர் குற்றங்களுக்கெல்லாம் அதுவே மூலம் என்றார். செனட் சபையின் குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். 1949-லேயே பிரான்சில் சிறுவர் பத்திரிகைகளைக் கண்காணிக்கச் சட்டம் வந்துவிட்டது. 1955-ல் இங்கிலாந்து சட்டம் செய்தது. அடுத்த வருஷமே, 1956-ல், நம் பாராளுமன்றமும் 'இளையோர் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள்' சட்டத்தை நிறைவேற்றியது. முத்து காமிக்ஸ் பிறப்பதற்குப் பதினாறு வருஷம் முன்னால்! தமிழில் இந்தத் துறை அப்போது தொட்டிலுக்குக்கூட வரவில்லை. அதற்குள் கைவிலங்கு தயார்.

வெர்த்தாம் டாக்டரின் சொந்தக் குறிப்புகளை ஆராய்ந்து கரோல் டில்லி என்ற அமெரிக்கப் பேராசிரியை 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பையன்கள் சொன்னதை டாக்டர் மாற்றியிருக்கிறார். தம் வாதத்துக்கு ஒத்துவராததை விட்டுவிட்டிருக்கிறார் என்று தெரியவந்தது. என் அப்பாவிடமாவது ஒரு வெந்த கை இருந்தது. அது நிஜம்.

அடுத்த ஆட்சேபணை ரசனையைப் பற்றியது. படம் போட்டுக் கதை சொல்வது எழுத்தறியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும்தான். முதிர்ந்த வாசகனுக்கு வார்த்தை போதும் என்கிறார்கள். மெத்தச் சரி. அந்தத் தலைமையாசிரியர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் சிவப்புக் காலிகோ போட்டுக் கட்டிய தடித்தடியான புத்தகங்கள். அவருடைய தாயார் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்'. மணியம் வரைந்த படங்களோடு. அச்சாகி விற்கும் ஐந்து பாகங்களையும் விட அதற்குத்தான் அந்த வீட்டில் மரியாதை. ஏன்? படத்துக்காக! குந்தவை எப்படி இருப்பாள், வந்தியத்தேவன் குதிரை மேல் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதைத் தமிழ்நாட்டுக்கு முடிவு செய்து கொடுத்தது யார், எழுதிய கையா, வரைந்த கையா? நம் தொடர்கதை வாசகர்கள் படமும் கதையும் கலந்தே வளர்ந்தவர்கள். அடுத்த வியாழக்கிழமை எப்போது வரும் என்று தவித்தவர்கள். அதே தவிப்பை மாதக் கணக்கில் ஒருவன் அனுபவித்தால் மட்டும் அவனுக்கு வயது போதவில்லை என்கிறார்கள்!

'எல்லாம் அந்நியச் சரக்கு' என்பார்கள் அடுத்து. இது எனக்கு மிகவும் பிடித்த ஆட்சேபணை. தமிழில் நாவல் என்ற உருவமே 1879-ல் வேதநாயகம் பிள்ளை மேற்கே பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளை அள்ளிக்கொண்டு வந்து வேட்டி கட்டிவிட்டார்கள். அவர்களுடைய புத்தகங்களில்தான் நம் பாட்டிமார்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். சிவகாசிக்காரர்கள் வேட்டிகூடக் கட்டவில்லை. இது வெளிநாட்டுக் கதைதான் என்று நேர்மையாகச் சொல்லி விற்றார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் எதிரிகள் கேட்கத் தவறிய ஒரு கேள்வி இருக்கிறது. அதை நானே கேட்டுக்கொள்கிறேன். முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரர், மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தலைமுறை தலைமுறையாகக் காட்டு ஜனங்களைக் காப்பாற்றி வருகிறாராம். அந்த ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு புத்தியும் கிடையாதாம். லீ பாக் 1936-ல் படைத்த பாத்திரம். 1964-ல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அவருடைய கதைகளை இந்தியாவில் வெளியிட்டது. பிற்பாடு ராணி காமிக்ஸில் 'முகமூடி வீரர் மாயாவி' என்று பெயர் சூட்டிக்கொண்டு அவர் தமிழ்ப் பட்டிதொட்டியெல்லாம் உலாவினார். அவருடைய பரம விரோதிகளான கடற்கொள்ளைக் கூட்டத்துக்குப் பெயரோ 'சிங்'! இருநூற்றெண்பது வருஷம் வெள்ளைக்காரன் ஆண்டு, அப்போதுதான் கொடி இறக்கிப் போன மண்ணில் பிறந்த பையன்கள் நாங்கள் அவருக்குக் கைதட்டினோம். இதைப் பற்றி எனக்குச் சங்கடம் உண்டு. அந்தப் பழைய இதழ்களை இன்றும் வைத்திருக்கிறேன்; முன்போல நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. பொம்மை என்று சிரித்து ஒதுக்கிய பெரியவர்களில் ஒருவராவது அன்றைக்கு உட்கார்ந்து படித்துப் பார்த்து, "இந்த வெள்ளைக்காரனுக்கு இங்க என்னா வேலை?" என்று எங்களைக் கேட்டிருக்கலாமே! படித்தால் அல்லவா கேட்க முடியும்.

பிரெஞ்சுக்காரர்கள் பேச்சு வந்ததால் இன்னொன்று. வில்லியனூரில் எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் அந்த வார்த்தைக்கே ஒரு தனி மரியாதை. அவர் வீட்டில், பாரீஸிலிருந்து லீவுக்கு வந்த பேரப்பிள்ளை விட்டுப்போன ஒரு பெரிய வண்ணப் புத்தகத்தைப் பார்த்தேன். ஒல்லியாக ஒரு குதிரைவீரன், வாயில் சிகரெட்டு, தன் நிழலை விட வேகமாகச் சுடுகிறான். ஓர் எழுத்தும் புரியவில்லை. தாத்தாவிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். "இதெல்லாம் கொழந்தைங்க சமாச்சாரம்" என்றார். பிரான்சிலோ அதை ஒன்பதாம் கலை என்று கௌரவிக்கிறார்கள்! அவர்கள் எங்களுக்குச் சிவில் சட்டம் கொடுத்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள், ரொமேன் ரோலான் பெயர் தாங்கி நிற்கிற, 1827-ல் பிறந்த ஒரு நூலகம் கொடுத்தார்கள், தங்களுடைய அந்தக் கலையை மட்டும் பாகூருக்கும் வில்லியனூருக்கும் கொடுக்க மறந்துவிட்டார்கள். லக்கி லூக்கையும், கேப்டன் டைகர் என்று பெயர் மாறிய புளூபெரியையும் எனக்குத் தமிழில் கொடுத்தது சிவகாசி. தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் செய்கிற ஊர். பதின்மூன்று என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட ஞாபகமற்ற மனிதனின் கதையை, 'இரத்தப் படலம்' என்று 2010-ல் ஒரே தடிமனான தொகுதியாக அவர்கள் போட்டபோது, இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

1984 ஜூலை என்ற மாதத்தை நான் மறக்க முடியாது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், பதினேழு வயதுப் பையன், லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழில் மாடஸ்டி. அதே மாதம் தினத்தந்தி நிறுவனத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டோடு. ஒரே மாதத்தில் இரண்டு. அடுத்த வருஷம் டெக்ஸ் வில்லர் என்ற இத்தாலியக் குதிரைவீரர் வந்தார், இன்றுவரை போகவில்லை. அப்போது கடலூர்க் கடைகளில் கயிற்றில் புத்தகங்கள் தொங்கும். சைக்கிளில் வந்த பையன்கள் நின்றபடியே படித்துவிட்டு, கடைக்காரர் விரட்டுமுன் கடைசிப் பக்கத்தை எட்டிவிடுவார்கள். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் தளர்ந்து, 2012-ல் வழவழப்பான தாளும் வண்ணமுமாக மறுபிறவி எடுத்தன. சந்தோஷம்தான். ஆனால் கயிறு போய்விட்டது. இப்போது முன்பணம், சந்தா, கூரியர்.

இங்கேதான் நான் என் சொந்தக் கட்சிக்காரர்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பெரிய மனிதர்கள் செய்த தீங்கைக் காட்டிலும் நாங்கள் செய்கிற தீங்கு அதிகமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி ரசிகர்கள் கூடுவது வழக்கமாகியிருக்கிறது. ஒரு தடவை போயிருந்தேன். அருமையான மனிதர்கள். பாங்கு அதிகாரிகள், வக்கீல்கள், மளிகைக் கடைக்காரர்கள். ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டோம். ஆனால் மண்டபம் முழுவதும் ஒரே நரை! கறுத்த தலை தேடினேன்; சாயம் பூசியதுதான் கிடைத்தது. என்ன பேசினோம்? மாயாவியின் பழைய கதையை மறுபடி எப்போது போடுவீர்கள் என்று கேட்டோம். புதிதாகக் 'கிராபிக் நாவல்' என்று ஒரு மனிதனின் துக்கத்தைச் சொல்கிற கதை வந்தால், "துப்பாக்கி எங்கே? குதிரை எங்கே?" என்று முகம் சுளித்தோம். 90 காசு அட்டை கிழியாமல் இருக்கிறது என்பதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பூட்டுகிறோம். அதைப் பிரித்துப் படிக்க அதன் சொந்தக்காரருக்கே தைரியம் கிடையாது. என் பேரன் என் பீரோவைத் திறந்தபோது நான் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "கையக் கழுவிட்டுத் தொடுடா!" களத்துமேட்டில் கொளுத்தியவருக்கும், கண்ணாடிக்குள் பூட்டியவனுக்கும் நடுவே, பையனுக்குப் படிக்கப் புத்தகம் இல்லை.

ஆண்டுச் சந்தா இன்று ஆயிரக்கணக்கான ரூபாய். வண்ணம், தாள், உரிமைத்தொகை எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. குறைவான பிரதிகள் அச்சிட்டால் ஒன்றின் விலை ஏறத்தான் செய்யும். பதிப்பாளரை நான் குறைசொல்லவில்லை. பாகூர்ப் பக்கத்தில் நாற்று நடப் போகிற ஒரு தாய் அதைக் கட்டமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்காரர்கள் ஐம்பது வயதுக்காரர்களுக்காகவே நடத்திக்கொள்ளும் ஒரு சந்தோஷம் எத்தனை வருஷம் ஓடும்?

இதே பாகூரில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு. படிக்கிறவர்களுக்காக மூன்று கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்ததாக இங்கே கிடைத்த செப்பேடு சொல்கிறது. மூன்று கிராமம்! நான் மூன்று புத்தகத்தோடு போன கதையைக் கேளுங்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம், பீரோவைத் திறந்து, என்னிடம் இரண்டாம் பிரதி உள்ள மூன்று இதழ்களை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றுக்குப் போனேன். ஒரு டெக்ஸ், ஒரு லக்கி லூக், ஒரு மாயாவி. நூலகர் நல்ல பையன். புரட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"ஐயா, இத எந்தத் தலைப்புல பதிவு பண்றது? கொழந்தைங்க பகுதின்னா சுடறது வெட்டறதெல்லாம் இருக்கு, யாராவது கேப்பாங்க. நாவல்னு போட்டா ஆடிட்டுல கேப்பாங்க."

"எதிலயும் போடாத தம்பி. மேசை மேல வை" என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். லக்கி லூக்கின் முதுகு பிரிந்து நூல் தொங்கியது. டெக்ஸின் ஓரங்களில் எண்ணெய்க் கறை. நடுப்பக்கத்தில் யாரோ பேனாவால் குதிரைக்கு மீசை வைத்திருந்தார்கள். மாயாவியைக் காணோம்.

"எவனோ சட்டைக்குள்ள வச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கய்யா. மன்னிச்சிக்குங்க" என்றான் நூலகர், நடுங்காத குறையாக.

அடுத்த மாதத்துப் பார்சலை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.